நியோபியின் தலைக்கு மேலிருந்த மட்டை

போன மாதம் கண் டொக்டரிடம் போய்விட்டு வரும்போது, நகரத்தில் ஒரு பிரேம் கடையின் கண்ணாடிக்குள் பழைய படம் ஒன்று தொங்குவதைக் கண்டேன். செப்புத் தகட்டில் கோடு கோடாக வெட்டி, மை பூசி, தாளில் அழுத்தி எடுத்த ஐரோப்பியப் படம். கீழே ஒரு தாய், அவளுடைய போர்வைக்குள் ஒரு சின்னப் பிள்ளை. சுற்றிவரச் செத்துக் கிடக்கும் பிள்ளைகள். மேலே முகிலில் நின்று வில்லை வளைக்கும் இரண்டு தெய்வங்கள். போர்வையின் விளிம்பில் மெழுகுதிரிப் பொறி பட்டு எரிந்த ஓட்டை ஒன்று இருந்திருக்கிறது. அதைத் தாள் வைத்து அடைத்திருக்கிறார்கள். அடைத்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

உள்ளே போனேன். கவுண்டரில் நின்ற பிள்ளை தமிழ்.

"உந்தப் படத்துக்குப் பிரேம் போட்டது ஆர்?"

"நான்தான் அங்கிள்! வடிவா இருக்கோ?"

"முந்தி அதுக்குக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவிலை ஒரு மட்டை போட்டிருந்ததோ?"

"ஓம் அங்கிள், யூ வோன்ட் பிலீவ். மேல்பாதியை அப்பிடியே மூடி வைச்சிருந்தது. சாமியள் ரெண்டும் மட்டைக்குள்ளை. ஆர் வெட்டின விசரனோ தெரியாது."

"வெட்டு எப்பிடி?"

"வெட்டு எண்டால் பேர்ஃபெக்ற். அதுதான் கோவம் வந்தது. வேலை தெரிஞ்ச விசரன்."

"மட்டை எங்கை?"

"அது அப்பவே கார்பேஜிலை போட்டாச்சு."

அந்த விசரன் நான்தான். அவளிடம் சொல்லவில்லை. அந்த நேரம் வாயைத் திறந்திருந்தால் கடையே அதிரக் கத்தியிருப்பேன். கத்த வேண்டியது அவளோடு அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன், அவளுக்கும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்.

பசை காய்ச்சுவது, தாளைக் கழுவுவது, மட்டையைச் சரிவாக வெட்டுவது எல்லாம் நான் சொல்லித்தரப்போவதில்லை. வீடியோ இருக்கிறது, பாருங்கள். எனக்கு இனிமையாகவும் எழுத வராது. கடையில் இருந்த காலத்திலும் வாடிக்கையாளரோடு பேச என்னை விடமாட்டார்கள். பின்னறையில்தான் வைத்திருந்தார்கள். தமிழ் ஆட்கள் வந்தால் மட்டும் முன்னால் கூப்பிடுவார்கள்.

என் முதலாளி ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண். நான் வேலைக்குச் சேரும்போதே தலை நரைத்திருந்தது. பழைய படங்கள் என்றால் அவருக்குப் பைத்தியம். அதிலும் கிரேக்கக் கதைப் படங்கள். ஒரு தாள் மேசைக்கு வந்தால் கையுறையைக் கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்து, கதை சொல்லத் தொடங்குவார். குளித்துக்கொண்டிருந்த பெண் தெய்வத்தைத் தவறிப்போய்ப் பார்த்த வேடன் மானாக மாறித் தன் நாய்களாலேயே கிழிபட்ட கதை. குழல் ஊதும் போட்டியில் தெய்வத்தோடு மோதியவனை மரத்தில் கட்டி உயிரோடு தோலுரித்த கதை. தகட்டை வெட்டினவன் ஒவ்வொரு கோட்டையும் எப்படி இழுத்திருக்கிறான், நிழலை எங்கே நிறுத்தியிருக்கிறான் என்று காட்டிக் காட்டிச் சொல்வார். எனக்குப் படம் பார்க்க வந்தது அவரால்தான்.

என் மச்சான், மனைவியின் தம்பி, ஒருநாள் கடைக்கு வந்து பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "உடுப்பில்லாத வெள்ளைக்காரியளைத் துடைக்கிறதுக்கோ உனக்குச் சம்பளம்? அக்காவுக்குத் தெரியுமோ?" சிரித்தேன். ஆனால் அந்தக் கதைகள் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. பெரிய கோபம், சின்னக் காரணம், மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களை அடிப்பது. அந்தத் தெய்வங்களுக்கு நியாயம் கிடையாது. அதை நான் முதலாளியிடம் சொன்னால், "நியாயத்துக்காக யார் படம் வாங்குகிறார்கள்? கோட்டைப் பார்" என்பார்.

பிலோமினா அக்கா அந்தக் கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். நகரத்தின் வோபர்ன் பகுதியில் அடுக்குமாடியில் தனியாக இருந்தார். தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் மட்டுமட்டு. பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து மகள் ஜெனி காரில் கூட்டிவந்திருந்தாள். படம் போர்வையால் சுற்றியிருந்தது.

அவிழ்த்தேன். பழைய மரப் பிரேம். உள்ளே மண்ணிறமாகக் காய்ந்துபோன மட்டை. நடுவில் கோயில் வாசல்போல வளைவாக வெட்டிய சன்னல். அந்தச் சன்னலுக்குள் தெரிந்தது ஒரு தாயும் போர்வைக்குள் ஒரு பிள்ளையும் மட்டும். தாய் ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மற்றக் கையை உயர்த்தி, மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்கடை வியாகுல மாதா," என்றார் அக்கா. "அப்பாவின்ரை அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரச் சாமியார் குடுத்தது. பூச்சி புகுந்திட்டுது தம்பி. துடைச்சு, புதுக் கண்ணாடி போட்டுத் தாரும். வேறை ஒண்டும் மாத்தாதேயும்."

"இதை எப்பிடி அக்கா ஊரிலிருந்து கொண்டு வந்தனீங்கள்?"

"பொலித்தீனாலை சுத்தி, நெஞ்சோடை கட்டி. வேறை என்னத்தைக் கொண்டு வர?" படத்தைப் பார்த்தார். "பொம்பர் வந்து குண்டு போட்டண்டு மூண்டு பிள்ளையளும் வளவிலை நிண்டதுகள். பெடியள் ரெண்டு பேரும் பங்கருக்கு ஓட முந்தியே விழுந்திட்டாங்கள். இவள் ஜெனி என்ரை சீலைக்குள்ளை. நான் இந்த மாதாவைத்தான் கூப்பிட்டனான். இவளை மட்டும் விடு தாயே எண்டு. விட்டவ."

"அம்மா, கடையிலை நிண்டுகொண்டு," என்றாள் ஜெனி. அவளுக்கு அப்போது நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். மருந்துக்கடையில் வேலை. அம்மாவின் கைப்பையையும் குளிர்ச் சட்டையையும் தானே சுமந்துகொண்டு நின்றாள்.

அவர்கள் போனபின் முதலாளியிடம் சொன்னேன்: ஒன்றும் மாற்ற வேண்டாமாம். அவர் தலையாட்டினார். ஆனால் அந்த மட்டை இருக்க முடியாது. மலிவு மட்டை. அதிலிருந்த அமிலப் புளிப்பு தாளைச் சுட்டுக்கொண்டிருந்தது. தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் தாள் தேயிலைச் சாயம்போலப் பழுத்திருந்தது. எடுத்தே ஆக வேண்டும். அதில் பிழையில்லை. நீங்களும் எடுப்பீர்கள்.

எடுத்தோம். கீழே நான் முதலில் சொன்ன படம் முழுதாக இருந்தது. வில்லோடு இரண்டு தெய்வங்கள். இரண்டு பக்கமும் விழுந்து கிடக்கும் பிள்ளைகள். சன்னலுக்கு வெளியே, மட்டைக்கு அடியில், ஒரு கொலைக்களம் இருந்திருக்கிறது.

முதலாளி கையுறையைக் கழற்றினார். கைகளைப் பின்னால் கட்டினார். "நியோபி," என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோசம். நல்ல அச்சு, மை இன்னும் கறுப்பாக இருந்தது. யாரோ ஒரு சாமியார் இதை மாதாவாக்கிக் கொடுத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். மேலேயும் பக்கங்களிலும் மூடி, ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஒரு தாயையும் பிள்ளையையும் கொடுத்திருக்கிறார். ஏமாற்றினாரா, இரக்கப்பட்டாரா, தெரியாது.

வினை வந்தது இனித்தான். தாளைக் கழுவி, அந்த மெழுகுதிரி ஓட்டையை நானே அடைத்து, காயவைத்து முடித்தோம். அதே மாதிரி வளைவுச் சன்னல் வைத்துப் புளிப்பில்லாத மட்டை வெட்டுவோம் என்றேன். முதலாளி வேண்டாம் என்றார். முழுத் தாளையும் மேசையில் விரித்து வைத்து அவர்களைக் கூப்பிடுவோம், இத்தனை காலமும் பாதிப் படத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள், மற்றப் பாதியை நாங்கள் கொடுப்போம் என்றார். பிறந்தநாள் பரிசு கொடுக்கப் போகிற ஆள்போல அவர் முகம் இருந்தது. தாளை நேசிக்கிறவர்கள் விடும் பிழை அது. வேறு யாரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள்.

அக்காவும் ஜெனியும் வந்தார்கள். முதலாளி மூடியிருந்த மெல்லிய தாளை நீக்கினார். நீக்கிய கையோடு கதையைத் தொடங்கினார், ஆங்கிலத்தில். நிறையப் பிள்ளைகள் பெற்ற ராணி. இரண்டு மட்டும் பெற்ற தெய்வத்தைவிடத் தான் பெரியவள் என்று பெருமை பேசினாள். அந்தத் தெய்வத்தின் இரண்டு பிள்ளைகளும் வில்லோடு வந்தார்கள். ஆண்பிள்ளைகளை முதலில். பிறகு பெண்பிள்ளைகளை. இதோ பாருங்கள், கடைசிப் பிள்ளை. இதை மட்டும் விடு, எல்லாவற்றிலும் சின்னது, என்று கெஞ்சுகிறாள். கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அதுவும் விழுகிறது. தாய் கல்லாகிறாள். கல்லும் அழுகிறது.

அவர் நன்றாகச் சொன்னார். அதுதான் கொடுமை. நான் குறுக்கே விழுந்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் விரல் தாளுக்கு மேலே போகிற வேகத்துக்கு என் புத்தி போகவில்லை.

"மனிசி என்ன சொல்லுறா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"இது கிரேக்க நாட்டுக் கதையாம் அக்கா. ஒரு ராணி. பிள்ளையளைப் பறிகுடுத்தவ." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"மாதா இல்லையோ?"

"இல்லை அக்கா."

அவர் குனிந்து பார்த்தார். கோபப்படவில்லை. அழவில்லை. "உந்த மேலை நிக்கிறது ஆர்?"

"அந்த நாட்டுத் தெய்வங்கள்."

"தெய்வங்களோ? வில்லோடையோ?" விரலைத் தாயின் கண்ணில் வைத்து, தாளைத் தொடாமல், கோடு இழுப்பதுபோல மேலே கொண்டுபோனார். விரல் வில்லில் போய் நின்றது. "இவ மோட்சத்தைப் பாக்கிறா எண்டெல்லோ நான் நினைச்சன். இவங்களையோ பாத்துக்கொண்டு நிண்டவ?" பிறகு மெதுவாக, "மேலையிருந்துதான் அடிச்சிருக்கிறாங்கள். எங்களுக்கும் மேலையிருந்துதானே வந்தது," என்றார்.

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த விரல் போன பாதையைப் பார்த்துவிட்டு அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

அக்கா நிமிர்ந்து மகளைத் தேடினார். ஜெனி மேசையை விட்டு விலகி, தெருப்பக்கக் கண்ணாடியருகில் போய் நின்றிருந்தாள். அம்மாவின் குளிர்ச் சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"பிள்ளையின்ரை முகம் ஏன் செத்துப் போச்சு?" அக்கா என்னைப் பார்த்தார். "அவளுக்கு இங்கிலீஸ் விளங்கும். எனக்கு விளங்காது. மனிசி சொன்னதிலை பாதிதான் நீர் சொன்னனீர்."

"இல்லை அக்கா..."

"அந்தக் கடைசிப் பிள்ளை தப்பினதோ?"

இந்தத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் பெரியது. தாள் கிழிந்திருக்கிறது, கண்ணாடி உடைந்திருக்கிறது, ஒருமுறை குழாய் வெடித்துப் பின்னறைக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. அதெல்லாம் ஒன்றுமில்லை.

"இந்தத் தாளிலை அது உயிரோடை இருக்கு அக்கா," என்றேன். அது பொய்யில்லை. தகட்டை வெட்டினவன் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறான். அம்பு இன்னும் வில்லில்தான் இருக்கிறது.

"நான் தாளையோ கேட்டனான்?"

ஜெனி திரும்பவில்லை. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பேல்லை அக்கா."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன், இருக்கவில்லை. "அப்ப இவவிட்டைத்தானோ நான் என்ரை பிள்ளையைக் கேட்டு வாங்கினனான்?" என்றார். "தன்ரையையே வைச்சிருக்க ஏலாதவவிட்டை?"

பதில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

பிறகு அவர் என்னைக் கூப்பிட்டுப் படத்துக்கு மேலே கையைக் கிடையாக வைத்துக் காட்டினார். "தம்பி, இதிலையிருந்து மேலை மூடும். இவங்கள் ரெண்டு பேரும் தெரியக் கூடாது."

"முந்தின மாதிரியே வளைவா வெட்டித் தாறன் அக்கா."

"வேண்டாம். பக்கத்தை மூடாதேயும். பிள்ளையள் தாய்க்குப் பக்கத்திலை கிடக்கட்டும். இவ்வளவு காலமும் அதுகளை இவவுக்குத் தெரியாமல் மூடியெல்லோ வைச்சிருந்திருக்கிறம். மேலை மட்டும் மூடும். அவ அவங்களைப் பாத்தது காணும், இனிப் பாக்க வேண்டாம்."

முதலாளியிடம் மொழிபெயர்த்தேன். இந்த முறை முழுதாக. அவருக்கு முகம் சுருங்கியது. எங்கள் தொழிலில் அது பாவம். தாளின் ஓரம் வரை காட்ட வேண்டும் என்பதுதான் அவர் எனக்குப் படிப்பித்த முதல் பாடம். அந்தத் தெய்வங்கள்தான் படத்தில் மிக நன்றாக வெட்டப்பட்ட இடம், பாதியை மறைத்தால் படமே இல்லை என்றார். நான் சொன்னேன்: "தாளுக்கு ஒன்றும் ஆகாது. மட்டையை நாளைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். இவருக்கு ஆனது ஆகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிரு." முதலாளியோடு அப்படிப் பேசியது அந்த ஒருமுறைதான். அவர் உள்ளே போனார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். மட்டை வெட்டும்போது வைக்கும் தன்னுடைய இரும்பு அடிமட்டத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அதை யாரையும் தொட விடமாட்டார்.

அந்த மட்டையைத்தான் வெட்டினேன். விசரன் வெட்டின மட்டை. சன்னலின் மேல் விளிம்பு தாயின் உயர்த்திய கைக்குச் சற்று மேலே. பக்கங்களும் கீழும் தாளின் ஓரம் வரை திறந்து.

அன்றைக்குப் பிறகு முதலாளி எந்த வாடிக்கையாளருக்கும் மேசையில் கதை சொல்லவில்லை. என்னோடு இருக்கும்போதும் குறைந்துவிட்டது. ஒரு புதுத் தாள் வந்தால் பார்ப்பார், தலையாட்டுவார், தள்ளி வைப்பார். அது எனக்கு இன்றைக்கும் கவலை. அந்த மனுசி கதை சொல்லாமல் செத்திருக்கக் கூடாது.

அக்காவைப் பிறகு ஒருமுறை வோபர்னில் தமிழ்க் கடையில் கண்டேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"படம் எங்கை அக்கா? உள்ளை வைச்சிட்டீங்களோ?"

"ஏன் உள்ளை வைக்க? அதே இடத்திலைதான். மெழுகுதிரியும் கொளுத்துறன்."

"மாதா இல்லை எண்டு தெரிஞ்சுமோ?"

"முந்தி அவவிட்டைக் கேட்டனான். இப்ப அவவுக்காகக் கேக்கிறன். அவவுக்கு ஆர் இருக்கினம்?" என் பையிலிருந்த ஒரு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தார். "நீர் உந்தப் பூச்சி விழுந்த சூத்தையைத் தெரிஞ்சு எடுத்திருக்கிறீர், கண் தெரியேல்லையோ?"

அக்கா இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. செத்தவீட்டில் ஜெனி என் நம்பரை வாங்கித் தன் நம்பரைத் தந்தாள். போன மாதம் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவளுக்குப் போன் எடுத்தேன். கோபமாகத்தான் எடுத்தேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"படத்தை வித்துப் போட்டீரோ?"

"குடுத்திட்டன் அங்கிள். அம்மாவின்ரை வீட்டைக் காலி பண்ண ஆக்கள் வந்தவை. எடுத்துக்கொண்டு போங்கோ எண்டு சொல்லிட்டன்."

"அம்மா அதை நெஞ்சோடை கட்டிக் கொண்டு வந்தவ."

"எனக்குத் தெரியாதே? அந்தப் பொலித்தீனுக்குப் பக்கத்திலை நானும்தானே இருந்தனான்." பின்னால் மருந்துக்கடைச் சத்தம் கேட்டது. "அங்கிள், ட்ரை பண்ணினனான். அஜக்ஸுக்குக் கொண்டு வந்து ஹாலிலை கொழுவினனான். என்ரை மகள் கேக்கிறாள், அந்தப் போர்வைக்குள்ளை நிக்கிறது ஆர் அம்மா எண்டு. நான் என்ன சொல்ல? கழட்டித் திருப்பி அம்மா வீட்டிலை கொண்டுபோய் வைச்சிட்டன். நீங்கள் வடிவா மூடித்தான் தந்தனீங்கள். அம்மாவுக்கு அது காணும். எனக்கு அந்தக் கதை எப்பிடி முடியும் எண்டு தெரியுமே. உங்கடை மட்டையாலை அதை மூட ஏலாது."

பஸ் வந்தது, போனது.

"அங்கிள் கோவமோ?"

"உம்மோடை இல்லைப் பிள்ளை."

இதுதான் நடந்தது. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதென்றால் அது இவ்வளவுதான். கவுண்டரில் நின்ற பிள்ளை, நீ செய்தது பிழையில்லை. மூடிய மட்டையை எடுத்தாய், ஓரம் வரை காட்டினாய், வேலை சுத்தம். என் முதலாளி இருந்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்திருப்பார். ஆனால் வேலை தெரிந்த ஒருவன் பாதிப் படத்தை மூடியிருந்தால் அவனை விசரன் என்று முடிவெடுப்பதற்கு முன் ஒருமுறை கேள், ஏன் என்று. கேட்க ஆள் இல்லையென்றால் அந்த மட்டையைப் படத்துக்குப் பின்னால் செருகி வை. இடம் அடைக்காது.

இன்னொன்று. ஒருவருடைய படத்தை அவருக்கு முன்னால் திறக்கும்போது தாளைப் பார்க்காதீர்கள். தாளைப் பார்க்க முழுநாளும் கிடக்கிறது. வந்திருப்பவரைப் பாருங்கள். அவருக்குப் பின்னால் குளிர்ச் சட்டையைச் சுமந்துகொண்டு நிற்பவரையும் பாருங்கள். அன்றைக்கு என் முதலாளி தெய்வங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிலோமினா அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று. ஜெனியின் முகத்தைப் பார்த்தது அவளுடைய அம்மா ஒருவர்தான்.